விசாரணை மூர்த்தியும் வியெஷ்பினாச் சம்பந்தியும்

விநாயகமூர்த்தி என்று கேட்டால் ரொறன்ரோவில் பாதிப் பேருக்குத் தெரியாது. விசாரணை மூர்த்தி என்று கேட்டால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். அந்தப் பட்டம் சும்மா வந்ததில்லை. மோர்னிங்சைட் மரக்கறிக்கடை வரிசையில் முன்னால் ஒரு பெடியன் நின்றால் போதும், மனிசனுக்கு வாய் சும்மா இராது.

"தம்பி ஊரிலை எவடம்?"

"மட்டுவில், அங்கிள்."

"வடக்கோ தெற்கோ?"

"வடக்கு எண்டுதான் அம்மா சொல்லுறவ."

"பள்ளிக்கூடத்துக்கு இங்காலையோ அங்காலையோ?"

பெடியன் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. ஸ்காபரோ ஆஸ்பத்திரியில் பிறந்தவன். ஆனாலும் பெட்டியில் இருக்கிற கத்தரிக்காய் நிறுத்து முடிவதற்குள் அவனுடைய பாட்டனார் ஆர், எந்த ஒழுங்கை, அந்த முடக்கில் ஆருடைய வேலி என்பதெல்லாம் மூர்த்தியின் கைக்கு வந்துவிடும். கலியாணம் பேசுகிற வீடுகளிலிருந்து அவருக்குத்தான் முதல் போன் வரும். அவர் சொன்ன ஒரு சொல்லில் நின்றுபோன சம்பந்தமும் உண்டு, நடந்த சம்பந்தமும் உண்டு.

இந்தப் பழக்கம் அவருக்கு ஊரிலிருந்து வந்ததென்று பலர் நினைப்பார்கள். அப்படியில்லை. ரொறன்ரோவுக்கு வந்து, பார்க்டேலில் பிடித்தது. எண்பத்தெட்டில் வந்து இறங்கியபோது அங்கே ஒரு பழைய வீட்டில் ஒரு கும்பலாய்ப் படுத்திருந்தார்கள். தானும் பக்கத்து ஊரான்தான் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தன் வந்து ஒட்டினான். அலுவல் பார்த்துத் தருகிறேன் என்று எல்லாருடைய பாஸ்போட்டையும் வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான். அந்த ஊரில் எவடம், எந்தக் கோயிலடி என்று ஒருத்தராவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருப்பான். அதற்குப் பிறகு மூர்த்தி ஆரையும் கேட்காமல் விட்டதில்லை. ஊரைச் சரியாய்ச் சொல்லாதவன் எதையோ ஒளிக்கிறான் என்பது அவருடைய முடிந்த முடிவு. மிசிசாகாவில் விமானச் சரக்குக் கொட்டிலில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டி ஓட்டியே வீடு வாங்கி, மகளைப் படிப்பித்து, தலையும் நரைத்துப்போயிற்று. அந்த முடிவு மட்டும் நரைக்கவில்லை.

மகள் நிலாணி பிசியோதெரபிஸ்ற். முப்பதை நெருங்கும்போது ஒருநாள் அன்ட்ரூவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைக்காரப் பெடியன். உயர்ந்த கட்டிடங்களில் லிஃப்ற் திருத்துகிற வேலை. வீட்டில் பூகம்பம் வரப்போகிறது என்று தாய் கமலாம்பிகை நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. பெடியன் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி வைத்தான். நண்டுக்கறியைக் கையால் சாப்பிட்டான், காலைக் கடித்து உறிஞ்சவும் செய்தான். மூர்த்திக்கு அது பிடித்துப்போயிற்று. அதைவிடப் பெரிய காரணம், விசாரிக்க ஒன்றும் இல்லை என்று அவர் நினைத்ததுதான். வெள்ளைக்காரனுக்கு நாடுதானே இருக்கும், எங்களைப்போல ஊரும் குறிச்சியும் ஒழுங்கையும் எங்கே இருக்கப்போகிறது என்று தன்பாட்டில் தீர்மானித்துவிட்டார்.

வில்லங்கம் கலியாண அழைப்புக் காட் அடிக்கிற இடத்தில் வந்தது.

எங்களுடைய ஆட்களுக்குக் கலியாணக் காட்டில் பிறப்பிடம் போடாமல் சரிவராது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னாரின் மகன் என்று அச்சடித்தால்தான் வாசிக்கிறவனுக்கு மனம் ஆறும். காட் அடிக்கிற அன்ரனெற் மோர்னிங்சைட் பிளாசாவில் கடை வைத்திருக்கிறவள், குருநகர்ப் பெட்டை, வாய்க்காரி.

"பெம்பிளைப் பக்கம் எல்லாம் சரி, மூர்த்தி அண்ணை. மாப்பிள்ளையின்ர தேப்பனுக்குப் பிறப்பிடம் என்ன போட? நீங்கள் விசாரிக்காமலோ விட்டனியள்?"

விளையாட்டாய்த்தான் கேட்டாள். அது மனிசனின் விலாவில் குத்தியது. அங்கேயே நின்று அன்ட்ரூவுக்குப் போன் எடுத்து, உங்களுடைய நாடு எது என்று கேட்டார். போலந்து என்றான் அவன். அன்ரனெற் போலந்து என்று தட்டினாள். பெரிய ஆளையும் ஒரு சொல்லுக் கேட்பது மரியாதை என்று தகப்பன் அலோயிஸுக்கும் எடுத்தார். அவர் ட்ரக் திருத்துகிறவர். பின்னால் இரும்படிக்கிற சத்தத்துக்கு நடுவில், செக் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மகன் போலந்து, தகப்பன் செக். அன்ரனெற்றின் விரல் தட்டாமல் நின்றது. மூர்த்தியின் மூளை தட்டத் தொடங்கியது.

அடுத்த கிழமை சம்பந்தி வீட்டில் மதியச் சாப்பாடு. மிசிசாகாவில் நல்ல விசாலமான வீடு. மாப்பிள்ளையின் தாய் பர்பரா போலந்துக்காரி, சாப்பிடு சாப்பிடு என்று சாப்பாட்டுக் கோப்பையை நிரப்பிக்கொண்டே இருந்தாள். கை கழுவப் போன மூர்த்தி நடைச்சுவரில் இரண்டு பழைய படங்களைக் கண்டார். ஒன்றில் ஒரு இளந்தாரி, மழித்த முகம், ஜேர்மன் பட்டாளத்து உடுப்பு, நெஞ்சில் கழுகு. மற்றதில் கொஞ்சம் வயது கூடிய ஒருவர், மீசை, வேறொரு பட்டாளத்து உடுப்பு, தோளில் போலந்து என்று ஆங்கில எழுத்து. பின்னால் வந்த அலோயிஸிடம் முதற்படத்தைக் காட்டி ஆரென்று கேட்டார். என் தாத்தா என்றார். மற்றது? அதுவும் தாத்தா என்றார். இறைச்சி கருகுகிற மணம் வர, மனிசன் பின்வளவுக்கு ஓடிவிட்டார்.

ஒரு தாத்தா ஹிட்லரின் ஆள், மற்றத் தாத்தா போலந்தின் ஆள், பேரன் செக், கொப்பாட்டன் என்ன சீனாவோ என்று மூர்த்தி நானூற்றியோராம் நெடுஞ்சாலை முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டே வந்தார். கமலாம்பிகை காரின் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமையே வேலைத்தலத்தில் ஒரு போலந்துக்காரனைப் பிடித்தார். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். போலந்துக்கும் செக்குக்கும் நடுவில் சிலேசியா என்று ஒரு இடம், அதன் எல்லையில் இருக்கிறவங்கள், அவங்களைக் கேளாதே, ஆளுக்கொரு கதை சொல்லுவாங்கள் என்றான். பகிடிக்குச் சொன்னானோ மெய்யாய்ச் சொன்னானோ, மூர்த்திக்கு அது சாட்சியாய்ப் போயிற்று. அன்ட்ரூவைத் தனியாய்க் கூப்பிட்டு, உன்னுடைய பூட்டன் யுத்தத்தில் ஆரைச் சுட்டவர் என்று கேட்டார். பெடியனுக்குத் தெரியாது. அடுத்தநாள் வேறொரு கேள்வி. அதற்கடுத்த நாள் இன்னொன்று. காட்டை அடிக்க வேண்டாம் என்று அன்ரனெற்றுக்கும் சொல்லிவிட்டார்.

நிலாணி வேலையால் நேரே வந்து, ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள்.

"அப்பா, காட்டை நிப்பாட்டினீங்களோ?"

"கொஞ்சம் பொறு. ஒரு விசயம் தெளிவில்லாமல் கிடக்குது."

"வட் விசயம்? அவன்ட தாத்தாவின்ட அப்பா செத்து எத்தினை வருசம். அன்ட்ரூ உங்கட கேஸ் இல்லை, அப்பா."

"ஊரைச் சொல்லத் தெரியாத குடும்பத்திலை நான் பிள்ளையைக் குடுக்கேலாது."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மூர்த்திக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

"ஓகே. இன்னும் ஒரு கேள்வி அவனைக் கேட்டீங்கள் எண்டால், வி வில் ஜஸ்ற் டூ சிற்றி ஹோல். நானும் அவனும் ரெண்டு பிரெண்ட்ஸும் போய்ச் சைன் வைச்சுக் கலியாணத்தை முடிப்பம். நீங்கள் அங்கை இருக்க மாட்டீங்கள்."

அவள் சொன்னதைச் செய்கிறவள். அவருடைய மகள். வாசற்கதவு சாத்துகிற சத்தம் மெதுவாகத்தான் கேட்டது. அன்றையிலிருந்து கமலாம்பிகை சோற்றைப் போட்டு மேசையில் வைப்பாள், கதை பேச்சில்லை. மூர்த்தி சோற்றைப் பிசைந்துகொண்டு, மகளின் கலியாணத்தை ஆரோ எடுத்த படத்தில் பார்க்கிற தன்னை யோசித்துப் பார்த்தார். சோற்றைத் தள்ளி வைத்தார். ஆனால் கேள்வி போகவில்லை. அன்ட்ரூவைக் கேட்கக்கூடாதென்றுதானே சொன்னாள், தகப்பனைக் கேட்கக்கூடாதென்று சொல்லவில்லையே என்று ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலமை காரை எடுத்தார்.

அலோயிஸ் கராஜில் ஒரு புல்லுவெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன் நடுவில் குந்தியிருந்தார். சம்பந்தி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பதைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்ரிக் வாளியைக் கவிழ்த்து இருக்கக் காட்டினார். இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஒரே மாதிரிதான், வேலைத்தலத்தில் பொறுக்கி எடுத்தது. அதனால் ஒருத்தருக்கொருத்தர் நன்றாய் விளங்கும்.

மூர்த்தி சுத்தி வளைக்கவில்லை. மகன் போலந்து என்கிறான், நீ செக் என்கிறாய், சுவரில் ஜேர்மன்காரன் தொங்குகிறான். நீங்கள் எந்த நாடு?

அலோயிஸ் கையைத் துணியில் துடைத்தார்.

"எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். நாடு, நாடு. எதைச் சொன்னாலும் பாதிப் பொய். ஊரைக் கேட்டால் சொல்லுவேன். நாற்பது வருசமாய் ஒருத்தன் கேட்டதில்லை."

மூர்த்திக்கு அப்போதுதான் உறைத்தது. மரக்கறிக்கடையில் நிற்கிற பெடியனைக் கேட்கிற முதற் கேள்வியை, பெண் கொடுக்கிற வீட்டில் அவர் கேட்கவேயில்லை. வெள்ளைக்காரனுக்கு ஊர் இல்லை என்று தானே தீர்மானித்து, கேள்வியைத் தானே விழுங்கியிருக்கிறார். வாளியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தார்.

"சரி. எந்த ஊர்?"

"வியெஷ்பினா."

"அதிலை எவடம்?"

அலோயிஸ் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பச்சைக் குழாயை இழுத்துவந்து சிமெந்து நிலத்தில் வளைத்து வளைத்துப் போட்டார். இது ஓல்ஸா ஆறு என்றார். தெற்குப் பக்கம் ஒரு பழைய ரயரைச் சரித்து வைத்தார். அது மலை, மேலே முழுக்க ஊசியிலைக் காடு. வடமேற்கில் எண்ணெய்த் தகரப் பேணி, அது நிலக்கரிச் சுரங்கம், ஊரின் ஆம்பிளைகளில் பாதிப் பேர் அதற்குள்தான் இறங்கினார்கள், மற்றப் பாதி மாடு வைத்திருந்தார்கள். குழாய்க்கு மேற்குப் புறம் நட்டுகளைப் பரப்பினார், வீடுகள். கிழக்குப் புறம் ஒரு ஸ்பார்க் பிளக்கை நிமிர்த்தி வைத்தார், கோயில். அதற்குப் பின்னால் செத்தவர்களைப் புதைக்கிற சவக்காலை.

"ஒரே ஊரோ, ரெண்டோ?"

ஒரே ஊர்தான் என்றார் அலோயிஸ். முழங்கால் அளவு தண்ணீர், கல்லில் கால் வைத்துக் கடக்கலாம். முதலாம் யுத்தம் முடிந்து ஆஸ்திரிய அரசன் போனபிறகு போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் அந்தப் பள்ளத்தாக்குக்குச் சண்டை பிடித்தன. ஆரோ தூரத்தில் மேசையில் இருந்து, ஆற்றோடு கோடு போட்டான். வீடு ஒரு நாட்டில், கோயிலும் செத்தவர்களும் மற்ற நாட்டில். வெள்ளம் வந்து ஆறு கொஞ்சம் தள்ளிப் பாய்ந்தால் ஒருத்தியின் முட்டைக்கோவாத் தோட்டம் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

மூர்த்தி குனிந்து நட்டுகளைப் பார்த்தார். உங்களுடைய வீடு எது? பக்கத்து வீடு ஆருடையது? தண்ணி எங்கே அள்ளினீர்கள்? பாலத்துக்கு இங்காலையோ அங்காலையோ? ஒவ்வொன்றாய்க் கேட்கக் கேட்க அலோயிஸின் குரல் மாறிக்கொண்டு வந்தது. சுருக்கமாய்க் கதைக்கிற மனிசன் இப்போது ஒரு நட்டைத் தள்ளி வைத்து, இல்லை இல்லை, இது கொல்லன் வீடு, எங்களுடையது அதற்கு அடுத்தது என்று சண்டை பிடிக்கிறார். பர்பரா கோப்பி கொண்டுவந்து, நிலத்தில் குந்தியிருந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் வைத்துவிட்டுப் போனாள்.

கோடு அதற்குப் பிறகும் சும்மா கிடக்கவில்லை. முப்பத்தெட்டில் போலந்து ஆற்றைத் தாண்டி வந்து வீடுகளையும் எடுத்தது. அடுத்த வருசம் ஜேர்மன்காரன் வந்து இரண்டு கரையையும் எடுத்தான். யுத்தம் முடிய மறுபடி பழைய கோடு, பிறகு அதில் முள்ளுக்கம்பி. அலோயிஸின் தாத்தா யூரா ஆஸ்திரியாவில் பிறந்து, செக்கில் படித்து, போலந்தில் வரி கட்டி, ஜேர்மனியில் பட்டாளத்துக்குப் போனவர். இவ்வளவுக்கும் அந்த வீட்டுக் கூரை ஓடுகூட இடம் மாறவில்லை.

"அந்தப் பட்டாளம்," என்றார் மூர்த்தி. இதற்காகத்தான் அவ்வளவு தூரம் கார் ஓடி வந்தவர். "தானாய்ப் போனவரோ, பிடிச்சுக்கொண்டு போனவங்களோ?"

"பிடித்துக்கொண்டு போனார்கள். போகாவிட்டால் பாட்டியும் பிள்ளைகளும் முகாமுக்கு. இத்தாலியில் முதல் வாய்ப்பிலேயே துவக்கைப் போட்டுவிட்டு மறுபக்கம் ஓடினார். அங்கே இருந்த போலந்துப் படையில் சேர்த்தார்கள். மீசை அங்கேதான் வளர்த்தது."

"அப்ப அந்த ரெண்டு படமும்?"

"ஒரே ஆள். நான் சொன்னேனே, தாத்தா என்று."

மூர்த்தியின் தம்பியும் ஊரில் சண்டை நடந்த காலத்தில் ஒரு பின்னேரம் சைக்கிளில் கடைக்குப் போனவன்தான். எந்தப் பக்கத்தார் பிடித்தார்கள் என்று மூர்த்தி இன்றுவரைக்கும் வெளியில் சொன்னதில்லை. இரண்டு வருசம் கழித்து வந்தான். வந்தவனை வீட்டில் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. உலகத்தையே கேள்வி கேட்கிற மூர்த்தியும் கேட்கவில்லை. இப்போது லண்டனில் பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறான், நல்லாய் இருக்கிறான்.

"திரும்பி வந்தாப்பிறகு ஊரிலை அவரை ஆராவது கேட்டவையோ?" என்று மெதுவாய்க் கேட்டார்.

"ஆர் கேட்பது? எல்லா வீட்டுச் சுவரிலும் அப்படி இரண்டு படம்."

வாளியில் இருந்தபடியே மூர்த்தி நீளமாய் மூச்சு விட்டார். கோப்பி ஆறிப்போயிருந்தது, அதையும் குடித்தார். குடித்துவிட்டு, மகள் சொன்னதைச் சம்பந்திக்குச் சொன்னார். சிற்றி ஹோல் கதையை. தனக்கு அங்கே இடமில்லை என்பதை.

அலோயிஸ் குழாயின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஸ்குரூவை நிறுத்தினார். அது அவருடைய தாயின் தகப்பன். தாய் அக்கரைக்காரி. இக்கரைப் பெடியனைக் கட்டுவதற்கு மணப்பெண்ணுக்கு மட்டும் கோட்டைக் கடக்க அனுமதி கிடைத்தது. தகப்பனுக்குக் கொடுக்கவில்லை. கலியாணத்தன்று மனிசன் கோட் சூட்டோடு அக்கரையில் வந்து நின்றார். இங்கே மேளக்காரர்கள் ஆற்றங்கரைக்கு இறங்கி வந்து அவருக்குக் கேட்கிற மாதிரி வாசித்தார்கள். மணப்பெண் சட்டை நனையத் தண்ணீர் ஓரம் வரைக்கும் போனாள். காவல்காரன் அதற்கு மேல் விடவில்லை. தகப்பன் தொப்பியைக் கழற்றி ஆட்டிவிட்டு, வாசிப்பு முடியும்வரை கழற்றினபடியே நின்றார்.

"அவரை மறித்தது பட்டாளம்," என்றார் அலோயிஸ். "உன்னை எவன் மறிக்கிறான்?"

மூர்த்தி அந்தச் சின்ன ஸ்குரூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, கால்சட்டையைத் தட்டிவிட்டு, இந்தப் புல்லுவெட்டியின் பெல்ற்றை நீ பிழையாய்ப் போட்டிருக்கிறாய் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அதைச் சரிப்படுத்தினார்கள்.

திரும்புகிற வழியில் கார் தன்பாட்டில் ஓடியதுபோல் இருந்தது. வழக்கமாய் நெரிசலைத் திட்டுகிற மனிசன் அன்றைக்கு இடம் விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து கமலாம்பிகைக்கு முழுக்கச் சொன்னார், ஆற்றையும் கோயிலையும் கோவாத் தோட்டத்தையும் விடாமல். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்.

"இதை முதல் நாளே கேட்டிருக்கலாம்தானே. ஊரையெல்லாம் கேக்கிற வாய்," என்றாள். கதைத்துவிட்டாள். அது போதும்.

நிலாணிக்குப் போன் எடுத்தார். அவள் எடுத்ததும், "தேப்பனைத்தான் கேட்டனான், அவனை இல்லை," என்று முந்திக்கொண்டார். அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கூடவே மூக்கை உறிஞ்சுகிற சத்தமும்.

அன்ரனெற்றிடம் போய், சிலேசியா வியெஷ்பினாவைப் பிறப்பிடமாகக் கொண்ட என்று போடச் சொன்னார். நாடு போடவில்லையோ என்று அவள் கேட்டாள். அது தேவையில்லை, ஊர் போதும் என்றார். அக்கரையோ இக்கரையோ எண்டும் போடட்டோ, அண்ணை, என்று அவள் நக்கலாய்க் கேட்க, மேற்குக் கரை, கொல்லன் வீட்டுக்கு அடுத்தது என்று மூர்த்தி பதில் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

கலியாணம் ஆவணியில், மார்க்கம் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. அலோயிஸ் வேட்டிக்கு மேல் ட்ரக்குக்காரர் கட்டுகிற தடித்த பெல்ற்றைப் பூட்டிக்கொண்டு மணவறையில் இருந்தார். கன்னிகாதானத்துக்கு மூன்று தலைமுறைப் பெயர் சொல்லவேண்டும். பெண் பக்கத்துப் பெயர்களைச் சொல்லி முடித்த ஐயர், மாப்பிள்ளை பக்கம் வந்ததும் தயங்கினார். வெள்ளைக்காரக் கலியாணங்களில் ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கடந்துபோவது அவருக்குப் பழக்கம்.

"ஐயா, நில்லுங்கோ," என்றார் மூர்த்தி. "பூட்டன் யூரா. பாட்டன் கரோல். தேப்பன் அலோயிஸ். வியெஷ்பினா. சொல்லுங்கோ."

ஐயர் அப்படியே சொன்னார். சமஸ்கிருதத்துக்கு நடுவில் யூராவும் கரோலும் வந்து போனார்கள். தன் தகப்பனின் பெயர் கேட்டதும் அலோயிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். கமலாம்பிகை செம்பைச் சரித்தாள். மகளின் கை, மாப்பிள்ளையின் கை, எல்லாவற்றுக்கும் கீழே தன்னுடைய கை என்று பிடித்துக்கொண்டிருந்த மூர்த்தியின் விரல்களுக்கிடையால் தண்ணீர் வடிந்தது. பக்கத்தில் படம் எடுக்கிறவன் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ அங்கிள் என்றான். மனிசன் அசையவில்லை.